கள்வனைக் காட்டிக் காவலன் தப்பினான்!

பிறர் பொருளை வாங்கி வைத்திருப்பவன் அதைக் காக்கும் கடமையையும் உடன் வாங்கிக் கொள்கின்றான். பொருளை மட்டும் வீட்டுக்குள் எடுத்துச் சென்று, கடமையை வாயிற்படியிலேயே விட்டுச் செல்ல எவனுக்கும் உரிமை இல்லை. அடைக்கலமாகக் கொடுத்த ஒரு குடம் நெல்லைக் கூடத் தன் நெல்லினும் மேலாகக் காத்துத் திருப்பித் தரும் எளிய உழவனுக்குத் தெரிந்த முறை இது. ஆனால், கோடி கோடியாக ஈட்டும் பெருநிறுவனங்களுக்கு இம்முறை தெரிவதில்லை. தம்மிடம் வேலைக்கு வந்தவர்களின் பிறப்பு, பிணி, உறவு, ஊதியம் ஆகிய அனைத்தையும் எழுதி வாங்கிக் குவித்து வைத்துக் கொள்கின்றன. கள்வர் வந்து அவற்றை அள்ளிச் சென்றதும், "ஐயகோ, களவு கொடுத்தவர் யாமே!" என்று தெருவில் நின்று கூவுகின்றன. உண்மையில் பொருளை இழந்தவன் அக்கூச்சலில் எவர் கண்ணுக்கும் படாமற் போகின்றான்.

அத்தகைய கூச்சல்களுள் மிகப் பெரியது, 2014-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க நாட்டின் திரைப்படத் தொழிற்களத்திலிருந்து எழுந்தது. அதில் பேசப்பட்டவை பல, மறைக்கப்பட்டது ஒன்று. மறைக்கப்பட்ட அந்த ஒன்றே இன்றும் எண்ணிப் பார்க்கத் தக்கது.

2014 நவம்பர் 24. கலிபோர்னியா மாநிலத்துக் கல்வர் நகரிலுள்ள சோனி திரைப்பட நிறுவனத்தில் காலையில் வேலைக்கு வந்தவர்கள் தத்தம் கணினியைத் திறந்தனர். செந்நிற எலும்புக்கூடு ஒன்றும், நிறுவனத்தின் மறைபொருள்களை வெளியிடுவோம் என்னும் அச்சுறுத்தலும் திரையில் தோன்றின. 'அமைதிக் காவலர்' என்று தமக்குத் தாமே பெயர் சூட்டிக் கொண்ட கள்வர் கூட்டம் ஒன்று, பல கிழமைகளாகவே அந்நிறுவனத்தின் கணினி வலைக்குள் புகுந்திருந்து, வேண்டியவற்றையெல்லாம் அள்ளிக் கொண்டு, எஞ்சியவற்றை மீட்கவியலாதபடி அழித்திருந்தது. மின்னஞ்சல் நின்றது, கணக்குப் பொறிகள் நின்றன. உலகெங்கும் படம் விற்கும் நிறுவனம் தாளையும் எழுதுகோலையும் தேடியது. மூலையிற் கிடந்த பழைய கைப்பேசிகளைத் தூசு தட்டி எடுத்தது. ஊதியக் காசோலைகளைப் பழம்பொறி கொண்டு அச்சிட்டு வழங்கியது.

பின்னர்க் கொள்ளைப் பொருள் கடைவிரிக்கப்பட்டது. அரங்குக்கே இன்னும் வந்திராத 'ஆனி' உள்ளிட்ட படங்கள் எவரும் எடுத்துக் கொள்ளுமாறு இணையத்தில் கொட்டப்பட்டன. எடுத்து முடிக்கப்படாத படங்களின் திரைக்கதைகள் வெளிவந்தன. மேலாளர்கள் தமக்குள் எழுதிக் கொண்ட மின்னஞ்சல்கள் மூட்டை மூட்டையாக அவிழ்க்கப்பட்டன. இவற்றினும் கொடியது ஒன்று நடந்தது. 47,000-க்கு மேற்பட்டோரின் குமுகக் காப்பு எண்கள் கள்வர் வெளியிட்ட கோப்புகளில் கிடந்தன. அமெரிக்க நாட்டில் ஒருவர் வங்கியில் கணக்குத் தொடங்கவும், கடன் பெறவும், வரி கட்டவும், முதுமையில் ஓய்வுத் தொகை பெறவும் அடையாளமாவது இந்த எண். பூட்டை மாற்றுவதுபோல் இதை எளிதில் மாற்றிக் கொள்ள முடியாது. இவற்றோடு முகவரிகளும் ஊதியக் கணக்குகளும், சிலரின் நோய் பற்றிய செய்திகளும் கூடத் தெருவுக்கு வந்தன.

இவ்வளவும் நடந்த பின்னர் உலகம் எதைப் பற்றிப் பேசியது?

ஒரு நகைச்சுவைப் படத்தைப் பற்றிப் பேசியது. நேர்காணல் எனப் பொருள்படும் 'தி இண்டர்வியூ' என்னும் படத்தைச் சோனி நிறுவனம் அந்த ஆண்டு திசம்பர் 25-இல் வெளியிட இருந்தது. வடகொரியத் தலைவர் கிம் சொங் உன்னைக் கொல்ல அனுப்பப்படும் இரு தொலைக்காட்சியாளர்களின் கதை அது. அவ்வாண்டு சூன் திங்களிலேயே வடகொரிய அரசு இப்படத்தை எதிர்த்து ஒன்றிய நாடுகள் அவைக்கு மடல் விடுத்திருந்தது. களவு நடந்த பின் ஐயம் வடகொரியாவின் மேல் விழுந்தது. திசம்பர் 16-இல், படம் காட்டப்படும் அரங்குகளை அணுகாதீர் என்றும், 2001 செப்தம்பர் 11-ஐ நினைவிற் கொள்க என்றும் கள்வர் அச்சுறுத்தினர். பெரிய திரையரங்க நிறுவனங்கள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. மறுநாளே சோனி படத்தை நிறுத்தியது. திசம்பர் 19-இல் அமெரிக்க நடுவண் புலனாய்வுத் துறை, இது வடகொரிய அரசின் செயலே என்று அறிவித்தது. அன்றே குடியரசுத் தலைவர் ஒபாமா, படத்தை நிறுத்தியது தவறு என்று சோனியை வெளிப்படையாகக் கடிந்தார். பிறகு சோனி மனம் மாறியது. இணையத்திலும் முந்நூற்றுக்கு மேற்பட்ட சிறு அரங்குகளிலும் படம் வெளிவந்தது. 2015 சனவரி 2-இல் வடகொரியாவின் மூன்று அமைப்புகள் மீதும் பத்து ஆள்கள் மீதும் அமெரிக்கா பொருளியல் தடை விதித்தது.

கலை உரிமை காக்கப்பட்டது என்று ஒரு பக்கம் முழக்கம் எழுந்தது. பகைநாடு தண்டிக்கப்பட்டது என்று மறுபக்கம் முழக்கம் எழுந்தது. படத்துக்கு நுழைவுச் சீட்டு வாங்குவதே நாட்டுப்பற்று என்னும் அளவுக்குப் பேச்சு வளர்ந்தது. கள்வர் கேட்டது முதலில் என்ன என்பதைக் கூட எவரும் நினைத்துப் பார்க்கவில்லை. கணினிகள் அழிக்கப்படுவதற்கு மூன்று நாள் முன்னர், நவம்பர் 21-இல், நிறுவனத் தலைவர்களுக்கு வந்த மின்னஞ்சல் படத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அது பணம் கேட்டது. கொள்ளை கொள்ளையாகத் தொடங்கியது. பின்னரே அது கொள்கைப் போராக ஒப்பனை செய்யப்பட்டது. அவ்வொப்பனை கள்வனுக்கும் உதவியது. களவு கொடுத்த காவலனுக்கும் உதவியது.

எவ்வாறு உதவியது? ஒரு நிறுவனம் தன் பூட்டைச் சரியாகப் பூட்டவில்லை என்றால் அது வழக்குக்குரிய குற்றம். அதே நிறுவனம் ஒரு பகையரசின் படையெடுப்புக்கு ஆளாயிற்று என்றால் அது இரக்கத்துக்குரிய ஈகம். முன்னதில் அது கூண்டில் நிற்க வேண்டும். பின்னதில் மேடையில் நிற்கலாம். சோனி மேடையைத் தேர்ந்து கொண்டது.

பூட்டு எவ்வாறு இருந்தது என்று காண்க. 2011-ஆம் ஆண்டு ஏப்பிரலில் சோனியின் 'பிளேசுடேசன்' விளையாட்டு வலையமைப்பு உடைக்கப்பட்டு, ஏறத்தாழ 7 கோடியே 70 இலக்கம் கணக்குகளின் செய்திகள் கள்வர் கைக்கு எட்டின. அவ்வாண்டு சூன் திங்களில் வேறொரு கூட்டம் இதே திரைப்பட நிறுவனத்தின் இணையத்தளத்தை உடைத்து, அதில் பதிந்தோரின் பெயர்களையும் கடவுச்சொற்களையும் வெளியிட்டது. 2013 சனவரியில் பிரித்தானியத் தகவல் ஆணையர் அலுவலகம், 2011 விளையாட்டு வலைக் களவுக்காகச் சோனியின் ஐரோப்பியப் பிரிவுக்கு 2,50,000 பவுன் தண்டம் விதித்தது; அக்களவு தடுத்திருக்கக் கூடியதே என்றும் கூறியது. இரு முறை வீடு புகுந்த பின்னரும் ஒரு முறை தண்டம் கட்டிய பின்னரும் விழிக்காதவனை என்னென்பது? 2014-இல் கள்வர் கொட்டிய கோப்புகளுள் 'கடவுச்சொல்' என்றே பெயரிட்ட உறை ஒன்று இருந்தது. அதனுள் கடவுச்சொற்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. திறவுகோலைப் பூட்டிலேயே தொங்கவிட்டு, 'திறவுகோல்' என்று அதன்மேல் எழுதியும் வைத்தது போன்றதன்றோ இது!

இங்கு ஒரு மறுப்பு எழும். ஓர் அரசே படைதிரட்டி வந்து தாக்கும்போது எந்த நிறுவனம்தான் நிற்க முடியும் என்பர். இம்மறுப்பை எளிதில் தள்ளிவிடலாகாது. தாக்கியது வடகொரியாதானா என்று அக்காலத்தில் ஐயுற்ற கணினி வல்லுநர் சிலர் இருந்தனர். 2018 செப்தம்பரில் அமெரிக்க அரசு வடகொரியர் ஒருவர் மீதும், 2021 பிப்பிரவரியில் மேலும் இருவர் மீதும் குற்றம் சாட்டியது. அதே கூட்டமே 2016-இல் வங்காளதேச நடுவண் வங்கியின் பணத்தில் 8 கோடியே 10 இலக்கம் அமெரிக்கத் தாலரைக் களவாடியது என்பதும் அக்குற்றச்சாட்டுகளுள் அடங்கும். வடகொரிய அரசோ தொடர்ந்து மறுத்தே வந்துள்ளது. தன் குடிமகன் ஒருவன் தலைவனைப் பற்றி ஒரு நகைச்சுவை சொல்லவும் இடந்தராத அரசு அது. அதற்குப் பரிந்து பேச நேர்மையுள்ள எவனும் முன்வரான். பகைவன் வலியவன் என்பதையும் ஒப்புக் கொள்ளலாம்.

ஆனால், பகைவனின் வலிமை எதை விளக்கும்? கோட்டைக் கதவு உடைந்ததை விளக்கும். கோட்டைக்குள் அடுத்தவன் பொருள் ஏன் குவிந்து கிடந்தது என்பதை விளக்குமா? களவுபோன எண்களுள், 2000-ஆம் ஆண்டளவிலேயே வேலையை விட்டு விலகியோருடையனவும் இருந்தன. நிறுவனத்தோடு கொடுக்கல் வாங்கல் எதுவும் இன்றிப் பதினான்கு ஆண்டுகள் கழிந்த ஒருவரின் வாழ்நாள் எண்ணை, பூட்டும் முத்திரையும் இன்றிக் கோப்பில் வைத்திருக்குமாறு வடகொரியாவா ஆணையிட்டது? வேண்டாதவற்றை அழித்திருந்தால், வேண்டியவற்றை மறைக்குறியீட்டாக்கி வைத்திருந்தால், எவ்வளவு வலிய கள்வனும் வெறுங்கையோடு அன்றோ திரும்பியிருப்பான்? கள்ளன் பெரியவனா, காப்பான் பெரியவனா என்று ஊரார் கேட்பதுண்டு. இங்கோ காப்பானே இல்லை. எனவே கள்ளன் பெரியவனாகத் தோன்றினான்.

இனி, இழந்தவர்களின் நிலைக்கு வருவோம். இவர்களுள் பெரும்பாலோர் திரையில் தோன்றும் விண்மீன்கள் அல்லர். கணக்கெழுதுவோர், படத்தொகுப்புக் கூடத்தில் இரவு பகலாய் உழைப்போர், ஒப்பந்தத் தாள்களை அடுக்குவோர், என்றோ சில திங்கள்கள் வேலை பார்த்துச் சென்றோர். திசம்பர் 5-ஆம் நாள் இவர்களின் மின்னஞ்சலுக்கே கள்வரின் மடல் வந்தது. நிறுவனத்தைக் கண்டித்துக் கையொப்பமிடாவிட்டால் குடும்பத்துக்கும் கேடு வரும் என்று அது மிரட்டியது. நிறுவனம் இவர்களுக்கு அளித்த காப்பு யாது? அடையாளத் திருட்டைக் கண்காணிக்கும் பணி, ஓராண்டுக்கு. வாழ்நாள் முழுவதும் மாறாத எண்ணைப் பறிகொடுத்தவனுக்குப் பன்னிரண்டு திங்கள் காவல்! பதின்மூன்றாம் திங்களில் கள்வன் திருந்தி விடுவான் போலும்!

பணியாளர்கள் வழக்குத் தொடுத்தனர். அங்கேதான் கலை உரிமை பேசிய நிறுவனத்தின் உண்மை முகம் தெரிந்தது. எண்கள் வெளியானமை மட்டுமே இழப்பாகிவிடாது, மெய்யான தீங்கு ஏதும் காட்டப்படவில்லை, எனவே வழக்கையே தள்ளுக என்று சோனியின் சார்பில் வழக்காடப்பட்டது. தெருவில் "உலகமே, எமக்கு நேர்ந்த பெருங்கேட்டைப் பார்!" என்று அழுத அதே வாய், மன்றத்துக்குள் "எவர்க்கும் கேடில்லை" என்று மொழிந்தது. நடுவர் 2015 சூனில் அவ்வேண்டுகையை முழுமையாக ஏற்க மறுத்து வழக்கை நடக்க விட்டார். அதன் பின்னரே உடன்பாடு பிறந்தது. தம்மைக் காத்துக் கொள்ளச் செலவிட்டதற்கு ஒருவர்க்கு 1,000 தாலர் வரை. திருட்டால் இழந்ததை மெய்ப்பித்துக் காட்டினால் 10,000 தாலர் வரை. கண்காணிப்பு 2017 இறுதி வரை. வழக்குரைஞர் கட்டணம் உள்ளிட்டு மொத்தம் ஏறத்தாழ 80 இலக்கம் தாலர். அந்த ஒரு நகைச்சுவைப் படத்தை எடுக்க ஆன செலவோ 4 கோடியே 40 இலக்கம் தாலர். ஒரு படத்துக்குக் கொட்டியதில் ஐந்தில் ஒரு பங்கும் அத்தனை பேரின் வாழ்வுக்கும் விலையாகவில்லை.

தலைமையில் இருந்தோர் என்ன ஆயினர்? குடியரசுத் தலைவரின் நிறத்தைச் சுட்டி எள்ளி நகையாடிய மின்னஞ்சல்கள் வெளிப்பட்டு மன்னிப்புக் கேட்ட இணைத் தலைவர் ஏமி பாசுகல், 2015 பிப்பிரவரியில் விலகுவதாக அறிவித்தார். விலகி எங்குச் சென்றார்? அதே நிறுவனத்தின் உதவியோடு சொந்தப் படநிறுவனம் தொடங்கினார். பின்னர்ச் 'சிலந்தி மனிதன்' படங்களைத் தயாரித்தார். தலைமைச் செயல் அலுவலர் மைக்கேல் லிண்டன் 2017 வரை அவ்விருக்கையிலேயே இருந்து, பின்னர் வேறொரு பெருநிறுவனத்தின் குழுத் தலைவரானார். மேலே இருந்தவர்க்கு வீழ்ச்சியும் ஒரு படிக்கட்டே. கீழே இருந்தவர்க்குப் பிறர் செய்த பிழையும் வாழ்நாட் சுமையே.

மற்றொரு மறுப்பும் உண்டு. கள்வரால் சில உண்மைகள் வெளிவந்தனவே, அது நன்மையன்றோ என்பர். வெளிவந்தன, மெய்தான். 2013-இல் வந்த 'அமெரிக்கன் அசில்' என்னும் படத்தின் வருவாயில் ஆடவராகிய முதன்மை நடிகர்க்கு 9 விழுக்காடும், பெண்டிராகிய செனிபர் லாரன்சு, ஏமி ஆடம்சு இருவர்க்கும் 7 விழுக்காடும் பங்கு தரப்பட்டமை அம்மின்னஞ்சல்களால் தெரிந்தது. ஆண்டுக்குப் பத்திலக்கம் தாலரும் அதற்கு மேலும் ஊதியம் பெற்ற 17 பேருள் ஒருவரே பெண் என்பதும் தெரிந்தது. இவை வெட்கத்துக்குரிய உண்மைகள். செனிபர் லாரன்சு 2015 அக்தோபரில் இது பற்றி வெளிப்படையாகவே எழுதினார். ஒத்த உழைப்புக்கு ஒத்த ஊதியத்தை வலியுறுத்தும் சட்டம் ஒன்றும் அதே திங்களில் கலிபோர்னியாவில் கையொப்பமாயிற்று.

ஆயினும், இங்கு ஒன்றைப் பிரித்துணர வேண்டும். முதலாளியின் முறைகேட்டை வெளிக்கொணர்வது வேறு. எழுத்தரின் நோய்க் குறிப்பைத் தெருவில் எறிவது வேறு. கள்வர் இரண்டையும் ஒரே சாக்கில் கட்டி எறிந்தனர். முன்னதைக் கண்டு மகிழ்ந்தோர் பின்னதைக் கண்டு வருந்த மறந்தனர். செய்தித்தாள்கள் நாள்தோறும் அச்சாக்கைத் துழாவின. நடிகர் பற்றிய வம்புகளைத் தலைப்பாக்கின. 2015 ஏப்பிரல் 16-இல் விக்கிலீக்சு 1,73,132 மின்னஞ்சல்களையும் 30,287 ஆவணங்களையும், எவரும் பெயரைத் தட்டித் தேடிப் பார்க்குமாறு அடுக்கி வைத்தது. அம்மின்னஞ்சல்களுள் முதலாளிகளின் சூழ்ச்சியும் உண்டு; எளியவர்களின் குடும்பச் செய்தியும் உண்டு. ஊதியம் பற்றிய உண்மை வெளிவரக் கள்வன் தேவைப்பட்டான் என்பதே அந்நாட்டுச் சட்டத்துக்கு இழுக்கு. ஊதிய வேறுபாட்டைச் சட்டமே கேட்டு வாங்கி வெளியிட்டிருந்தால், கள்வனுக்கு நன்றி கூறும் இழிநிலை எவர்க்கும் வந்திராது.

ஆக, இந்நிகழ்ச்சியில் மூன்று கைகள் எளியவனின் மேல் விழுந்தன. கள்வனின் கை பறித்தது. நிறுவனத்தின் கை பறிக்க விட்டது. பார்த்து நின்ற உலகத்தின் கை, பறிபோனதைப் புரட்டிப் பார்த்தது. முதற் கைக்கு மட்டுமே குற்றச்சாட்டு எழுதப்பட்டது. அக்கையும் எட்டாத் தொலைவில் இருக்கின்றது. எட்டும் தொலைவில் இருந்த இரண்டாவது கையோ எண்பது இலக்கம் தாலரில் கழுவித் துடைக்கப்பட்டது. மூன்றாவது கை தன்னைக் கையென்றே உணரவில்லை.

இன்று பல இடங்களில் ஓர் ஆள் வேலைக்குச் செல்லும் முன்னரே தன் கைரேகை, வங்கிக் கணக்கு, உடல்நிலை, உறவினர் பெயர் ஆகிய அனைத்தையும் எழுதிக் கொடுத்தாக வேண்டியுள்ளது. கொடுக்க மறுத்தால் வேலை இல்லை. ஆகவே அவன் அவற்றை விரும்பிக் கொடுப்பதில்லை, வயிற்றுக்காகக் கொடுக்கின்றான். வயிற்றைக் காட்டி வாங்கிய பொருளைக் காக்கும் கடமை, விலை கொடுத்து வாங்கிய பொருளைக் காக்கும் கடமையினும் பெரிது. வேண்டியதற்கு மேல் வாங்காதே. வேண்டிய காலத்துக்கு மேல் வைத்திராதே. வைத்திருக்கும் வரை உன் பொருளினும் மேலாகக் காத்து நில். காக்கத் தவறினால், இழந்தவன் தன் இழப்பை மெய்ப்பிக்கட்டும் என்று சொல்லாமல், நீ காத்தாய் என்பதை நீயே மெய்ப்பி! இந்நான்கையும் சட்டமாக்காத நாட்டில், எந்த நிறுவனத்தின் கதவு உடைந்தாலும் உடைவது உழைப்பவனின் வீடே.

கலை உரிமைக்காகக் குரல் கொடுப்போர் கொடுக்கட்டும், அஃது அறமே. ஒரு கோமாளிப் படத்தையும் எந்தக் கொடுங்கோலனின் மிரட்டலுக்கும் அஞ்சி முடக்கலாகாது என்பது முற்றும் உண்மை. ஆனால், திரையில் தோன்றும் ஒரு கதைக்காக அத்துணைக் குரல் எழுப்பிய உலகம், அத்திரைக்குப் பின் நின்று உழைத்தவர்களுக்காக ஒரு குரலும் எழுப்பவில்லை. அடுத்த முறை ஒரு பெருநிறுவனம் தெருவில் நின்று "கள்வன்! கள்வன்!" என்று கூவும்போது, அது சுட்டும் விரலை மட்டும் பார்த்து ஓடாதீர்கள். களவுபோன பொருள் யாருடையது என்று கேளுங்கள். அதை அங்கே வைக்கச் சொன்னவன் யார் என்று கேளுங்கள். அந்தக் காவலனை முதலில் கூண்டில் ஏற்றுங்கள்!